சுடுகாட்டுப் பூவா, நித்யகல்யாணியா? ஒரு செடியின் கதை



நம் வளாகத்தின் பின்பக்கச் சுற்றுச்சுவரை ஒட்டி, ஜெனரேட்டர் அறையில் தொடங்கி சம்ப் வரை, ஒரு செடி வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முழங்கால் உயரம். பளபளப்பான இலை. ஐந்து இதழ் கொண்ட ரோஸ் நிறப் பூ, சிலவற்றில் வெள்ளைப் பூ. யாரும் நட்டதாகத் தெரியவில்லை. சித்திரை வெயிலிலும் பூக்கிறது, மார்கழிப் பனியிலும் பூக்கிறது.

சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் இந்தச் செடியைப் பற்றி இரண்டு கருத்துகள் வந்தன. "இது சுடுகாட்டில் வளர்கிற பூ. வீடு இருக்கும் இடத்தில் எதற்கு? பிடுங்கிவிட்டு குரோட்டன்ஸ் வைக்கலாம்" என்றார்கள் சிலர். "பிடுங்க வேண்டாம். காலையில் நாலு பூவும் ரெண்டு இலையும் கொதிக்க வைத்துக் குடித்தால் சுகர் இறங்குகிறது" என்றார்கள் வேறு சிலர். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. இந்தச் செடியின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் இரண்டு தரப்புக்கும் பதில் கிடைக்கும். முக்கியமாக இரண்டாவது தரப்பினர் கடைசி வரை படிக்க வேண்டுகிறேன்.

ஒரே செடி, பல பெயர்கள்

தமிழில் இதற்கு நித்யகல்யாணி என்று பெயர். நித்தமும் மங்களம் என்று பொருள். இதே செடிக்குச் சுடுகாட்டு மல்லி, சுடுகாட்டுப் பூ என்றும் பெயர் உண்டு. ஒரு செடிக்கு இதைவிட எதிரெதிரான இரண்டு பெயர்கள் அமைவது அபூர்வம். இந்தியில் சதாபஹார், அதாவது எப்போதும் வசந்தம். தெலுங்கில் பில்லகன்னேரு. வங்காளத்தில் நயன்தாரா.

யோசித்துப் பார்த்தால் மங்களப் பெயரும் மயானப் பெயரும் ஒரே குணத்திலிருந்து வந்தவைதான். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத இடத்திலும் இது பிழைக்கும். இலை கசப்பு. கிள்ளினால் பால் வரும். ஆடு மாடு வாய் வைப்பதில்லை. அப்படிப்பட்ட செடி, கவனிப்பார் இல்லாத மயானத்தில் தானாகப் பரவிப் பூத்து நின்றால் ஊரார் அந்த இடத்தின் பெயரை அதற்கு வைக்கத்தானே செய்வார்கள்? வருஷம் முழுக்கப் பூப்பதைப் பார்த்தவர்கள் நித்யகல்யாணி என்றார்கள். எங்கே பூக்கிறது என்று பார்த்தவர்கள் சுடுகாட்டுப் பூ என்றார்கள்.

இன்னொரு செய்தியும் பலருக்கு வியப்பாக இருக்கும். இது நம் ஊர்ச் செடியே இல்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் இது இல்லை. இருக்கவும் முடியாது. இதன் தாயகம் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவு. இந்தப் பேரினத்தில் மொத்தம் 8 வகைகள் உண்டு. அவற்றில் 7 மடகாஸ்கருக்கே உரியவை. மீதி ஒன்றுதான் இந்தியா, இலங்கைப் பகுதிக்குச் சொந்தமானது. வயல் வரப்புகளில் வெள்ளைப் பூவோடு இருக்கும் சிறு பூண்டு அது. நாம் தினம் பார்ப்பது அதுவல்ல, மடகாஸ்கர்க்காரர்.

மடகாஸ்கரிலிருந்து பாரிஸ் வழியாக

17ஆம் நூற்றாண்டில் மடகாஸ்கரின் தென்கோடியில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு கோட்டை வைத்திருந்தார்கள். அதன் ஆளுநராக இருந்த எத்தியேன் த ஃப்ளாகூர் என்பவர் அந்தத் தீவைப் பற்றி எழுதிய நூல் 1658இல் வெளிவந்தது. மல்லிகை போன்ற பூவும் கசப்பான வேரும் கொண்ட இந்தச் செடி அதில் இடம்பெற்றிருக்கிறது.

அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, பிரெஞ்சு அரசரின் தோட்டங்களில் இதை வளர்த்தார்கள். அங்கிருந்து விதை லண்டனில் உள்ள செல்சி மருந்துச் செடித் தோட்டத்துக்குப் போனது. அதன் தலைமைத் தோட்டக்காரர் பிலிப் மில்லர், அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றவர். 1759இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் இதற்கு வின்கா ரோசியா என்று பெயர் சூட்டினார். பிறகு 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் டான் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலார் இது வேறு இனம் என்று பிரித்து, கத்தராந்தஸ் ரோசியஸ் என்று வைத்தார். கத்தராந்தஸ் என்றால் கிரேக்க மொழியில் தூய மலர். நர்சரிக்காரர்கள் இன்றும் பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு வின்கா என்றே விற்கிறார்கள்.

அழகுக்காகக் கப்பலேறிய செடி, வெப்பநாடுகளில் இறங்கிய இடத்திலெல்லாம் வேலி தாண்டிப் போய் வேரூன்றியது. இந்தியா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா, ஜமைக்கா என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஊர்களில் இதன் இலையைக் கொதிக்க வைத்துச் சர்க்கரை நோய்க்குக் குடிக்கும் பழக்கம் ஏற்பட்டது. இங்கிலாந்தில் வின்குலின் என்ற பெயரில் கடையிலேயே விற்றார்கள். ஆகவே நம் வளாகத்தில் காலையில் பூ பறிப்பவர்கள் தனியாக இல்லை. உலகம் முழுக்க அவர்களுக்குத் துணை இருந்தது.

25 இலைகள் வந்த ஓர் உறை

இனி வருவதுதான் முக்கியமான பகுதி.

1952இல் கனடாவில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஜமைக்காவிலிருந்து தபாலில் ஓர் உறை வந்தது. அனுப்பியவர் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒருவர். உள்ளே இந்தச் செடியின் 25 இலைகள். ஜமைக்காவில் சர்க்கரை நோயாளிகள் இதைக் கஷாயமாகக் குடிக்கிறார்கள், சோதித்துப் பார்க்கலாமே என்பது செய்தி. கிளார்க் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். அதனால் தன் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பிவைத்தார்.

ராபர்ட் வேலை பார்த்த இடம் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில், வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம். அதன் தலைவர் கோலிப். 1921-22இல் டொரான்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டபோது அதை மனிதருக்குப் போடும் அளவுக்குச் சுத்தப்படுத்திக் கொடுத்தவர் இவர்தான். சர்க்கரைக்கு உண்மையிலேயே ஒரு மருந்து இருந்தால் அதைக் கண்டறிய அதைவிடப் பொருத்தமான இடம் அன்று கிடையாது.

ராபர்ட் இலைச் சாற்றை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்துப் பார்த்தார். ரத்தச் சர்க்கரையில் மாற்றம் இல்லை. சரி, ஊசி வழியாகப் போட்டுப் பார்ப்போம் என்று போட்டார். சர்க்கரை அப்போதும் இறங்கவில்லை. ஆனால் ஒரு வாரத்துக்குள் எலிகள் வரிசையாகச் செத்தன.

வேறு ஒருவராக இருந்தால் பயன் இல்லை என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார். இவர்கள் எலிகள் ஏன் செத்தன என்று பார்த்தார்கள். உடம்பெல்லாம் கிருமித் தொற்று. ரத்தத்தைச் சோதித்தால் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. அவற்றை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜை காலியாகிக்கொண்டிருந்தது. கிருமியை எதிர்க்கும் படை இல்லாததால் சாதாரணத் தொற்றுக்கே எலிகள் பலியாயின.

இங்கேதான் யோசனை திரும்பியது. வெள்ளை அணுக்களை இப்படிக் குறைக்கும் பொருள், வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோயில் என்ன செய்யும்?

1954இல் சார்லஸ் பீர் என்ற வேதியியல் நிபுணர் சேர்ந்தார். இலையில் இருக்கும் பல பொருள்களில் எது இந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்துப் பிரித்துப் பார்த்து, வின்பிளாஸ்டின் என்று இன்று நாம் சொல்லும் மருந்தைத் தனியே எடுத்தார்கள். 1958இல் நியூயார்க்கில் நடந்த அறிவியல் கூட்டத்தில் அறிவித்தார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே தற்செயலாகக் கண்டவற்றின் பங்கு என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். பெருமையைத் தற்செயலுக்கும் பங்கு வைத்த நேர்மை அது.

அதே சமயத்தில் அமெரிக்காவின் எலி லில்லி கம்பெனியில் கார்டன் ஸ்வபோடா என்பவரும் இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரும் சர்க்கரைக்கான நாட்டு வைத்தியச் செய்தியைக் கேட்டுத்தான் அதை எடுத்தார். ரத்தப் புற்றுநோய் உள்ள சுண்டெலிகள் இதன் சாற்றால் கூடுதல் நாள் உயிர் வாழ்வதைக் கம்பெனி கண்டது. அங்கிருந்து வந்தது வின்கிரிஸ்டின். வின்பிளாஸ்டின் 1961இலும் வின்கிரிஸ்டின் 1963இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரண்டும் இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன.

குழந்தைகள் பிழைத்தார்கள்

இந்த மருந்து வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடம்பில் ஓர் அணு இரண்டாகப் பிரியும்போது, அதன் மரபுப் பொருளை இரு பக்கமும் இழுத்துச் செல்ல மெல்லிய கயிறு போன்ற இழைகள் உருவாகும். இந்த மருந்து அந்தக் கயிறு திரிவதைத் தடுத்துவிடும். கயிறு இல்லை என்றால் பிரிய முடியாது. பிரிய முடியாத அணு மடிந்துபோகும். வேகமாகப் பெருகும் அணுக்கள்தான் அதிகம் அடிபடும். புற்று அணுக்கள் அந்த வகை. எலும்பு மஜ்ஜையும் அந்த வகை. எலிகள் செத்ததற்கும் நோயாளிகள் பிழைப்பதற்கும் காரணம் ஒன்றே. வித்தியாசம் அளவிலும் கண்காணிப்பிலும்தான்.

1960களின் தொடக்கத்தில் குழந்தைகளுக்கு வரும் தீவிர ரத்தப் புற்றுநோய் என்றால் அநேகமாக மரணம் உறுதி. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் ஃப்ரை, ஃப்ரைரைக் என்ற இரு மருத்துவர்கள் வின்கிரிஸ்டினோடு வேறு மூன்று மருந்துகளைச் சேர்த்து ஒரே சமயத்தில் கொடுக்கத் துணிந்தார்கள். அன்று அதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. இன்று வசதியான நாடுகளில் இந்நோய் வந்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். சிகிச்சையின் முதல் மாதத்தில் வின்கிரிஸ்டின் இன்றும் இடம்பெறுகிறது.

இதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் 1980களில் அமெரிக்கக் கழகத்தோடு சேர்ந்து, நம் நாட்டு வசதிக்குத் தகுந்த ஒரே சிகிச்சை முறையை வகுத்துப் பின்பற்றின. வின்கிரிஸ்டின் அதில் முக்கிய மருந்து. பிழைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்தது. இன்று நாற்பது வயதில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் சிலர் அந்தக் குழந்தைகள்.

வரவு யாருக்கு?

வங்கியில் காலம் தள்ளியவன் என்பதால் வரவு செலவு பார்க்காமல் இருக்க முடியவில்லை. இந்த மருந்துகளால் கம்பெனிக்குப் பல ஆண்டுகள் நல்ல வருமானம். செடியின் தாயகமான மடகாஸ்கருக்கு அதில் பங்கு எதுவும் போகவில்லை. உலகின் மிக ஏழை நாடுகளில் அதுவும் ஒன்று. இது நியாயமா என்ற கேள்வி எழுந்தது. கனடாவுக்கு வந்த இலை ஜமைக்காவுடையது, செடியோ அதற்குள் உலகமெங்கும் பரவிவிட்டது, யாருக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது என்பது எதிர்வாதம். இரண்டு பக்கமும் விஷயம் இருக்கிறது. இது போன்ற விவாதங்களின் பின்னணியில்தான் 1992இல் பல்லுயிர்ப் பெருக்க உடன்படிக்கை வந்தது. அதன் தொடர்ச்சியாக இந்தியா 2002இல் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின்படி அமைந்த தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது.

நம் தென்மாவட்ட விவசாயிகளும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் நித்யகல்யாணியைப் பயிராகவே செய்கிறார்கள். வேரையும் இலையையும் காயவைத்து மருந்துக் கம்பெனிகளுக்கு விற்பார்கள். வேரிலிருந்து ரத்த ஓட்டம் சம்பந்தமான வேறொரு மருந்துப் பொருள் கிடைக்கிறது. மழை பொய்த்த வருஷத்திலும் கைவிடாத, ஆடு மேயாத பயிர் என்பது அவர்களுக்கு லாபம்.

ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை தேவை. காரணம் விசித்திரமானது. இரண்டு பொருள்கள் இணைந்தால்தான் இந்த மருந்து உண்டாகும். செடி அவற்றில் ஒன்றை இலையின் மேற்பரப்பு மெழுகிலும் மற்றொன்றை இலைக்குள்ளும் வைத்திருக்கிறது. சந்திக்க விடுவதில்லை. அதனால் மருந்து மிகச் சிறிதளவே இருக்கும். 2022இல் டென்மார்க்கில் ஓர் ஆய்வுக்குழு அந்த இரு பொருள்களையும் ஈஸ்ட் மூலம் தயாரித்துக் காட்டியது.

ஆகவே, குடிக்க வேண்டாம்

இப்போது காலைக் கஷாயத்துக்கு வருவோம். சர்க்கரை குறையுமா என்று பார்க்கப் போனவர்கள்தான் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் பொருளைக் கண்டெடுத்தார்கள். பின்னால் சில ஆய்வகங்களில் விலங்குகளுக்குச் சர்க்கரை குறைந்ததாகப் பதிவுகள் உண்டு. என்றாலும் டாக்டர் எழுதித்தரும் சர்க்கரை மாத்திரை எதுவும் இச்செடியிலிருந்து வரவில்லை. வின்கிரிஸ்டின் ஊசியைப் பெரியவர்களுக்கே ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் போடுவதில்லை. அதற்கும் ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்து, நரம்பு பாதிக்கிறதா என்று கவனித்துத்தான் கொடுக்கிறார்கள். இலையில் எத்தனை வகைப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று நம் சமையலறைக் கரண்டிக்குத் தெரியாது. கசப்பானதெல்லாம் சர்க்கரைக்கு நல்லது என்ற நம்பிக்கையில் இதையும் பாகற்காயோடு சேர்த்துவிடாதீர்கள். குடித்துவந்தவர்கள் நிறுத்திவிட்டு, உங்கள் டாக்டரிடம் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். சிறு குழந்தைகள் வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுடுகாட்டுப் பூ என்று ஒதுக்குவோருக்கு நான் சொல்வது ஒன்றுதான். சுடுகாட்டுக்குப் போக வேண்டிய எத்தனையோ பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய செடி இது. சுவரோரம் ஒரு அடி இடம் கொடுப்பதில் நமக்கு நஷ்டம் இல்லை.

பால்கனியில் வளர்க்க

இது பல ஆண்டு வாழும் செடி. தொட்டியில் இரண்டு மூன்று வருஷம் நன்றாகப் பூக்கும். பிறகு தண்டு முற்றிக் கட்டையாகிவிடும்.

விதை கறுப்பாக, கடுகைவிடச் சிறிதாக இருக்கும். முளைக்க இருட்டு வேண்டும். எனவே மேலே தூவிவிட்டு விடாமல் மெல்லிய மண் போர்வை போடுங்கள். செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் சம அளவு போதும். நாளுக்கு 5, 6 மணி நேர வெயில் வேண்டும். வடக்குப் பார்த்த பால்கனியில் இலை வருமே தவிரப் பூ குறையும். நாற்று அரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துப் புதராகும். கிள்ளிய பிறகு கையைக் கழுவுங்கள்.

வெயில் இதைக் கொல்லாது, தண்ணீர்தான் கொல்லும். மேல்மண் காய்ந்த பின்பே ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை எடுத்துவிடுங்கள். தண்டு கறுத்துத் துவண்டால் வேர் அழுகிவிட்டது என்று பொருள். அந்த மண்ணைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

பூவின் நடுவில் ஒரு புள்ளி தெரியும். அதன் கீழே ஊசி போல நீண்ட குழல். தேன் அதன் அடியில். நீளமான உறிஞ்சுகுழல் உள்ள வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும்தான் எட்டிக் குடிக்க முடியும். தேனீக்களும் வர வேண்டும் என்று விரும்பினால் பக்கத்தில் ஒரு துளசியைப் பூக்க விடுங்கள். ஒரு கறிவேப்பிலைத் தொட்டியும் இருந்தால் இன்னும் நல்லது. கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை கொண்ட வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். பிள்ளை கறிவேப்பிலையில் வளரும், தாய் நித்யகல்யாணியில் சாப்பிடும்.

சில சமயம் நித்யகல்யாணி இலையையே ஒரு பெரிய பச்சைப் புழு தின்னும். தலைப்பக்கம் நீல நிறத்தில் இரண்டு கண் போலப் புள்ளிகள் இருக்கும். அரளியிலும் இதைக் காணலாம். பயந்து மருந்து அடிக்காதீர்கள். அதுதான் மாலையில் பூவுக்கு வரும் பெரிய அந்துப்பூச்சியின் குஞ்சு. ஆடு தொடாத இலையைத் தின்று செரிக்கும் அதன் வயிற்றுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். செடி பத்து நாளில் மறுபடி துளிர்க்கும்.

வெள்ளை, ரோஸ் இரண்டு நிற விதைகளும் சிறு பொட்டலங்களாகக் கட்டி சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். ஒரு வீட்டுக்கு ஒரு பொட்டலம். பதிவேட்டில் வீட்டு எண் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.